இருள் திறப்பு விழா

மஞ்சக்காட்டுப்பாளையம் டவுன் பஞ்சாயத்தில் எரியாத விளக்குக்குப் புகார் கொடுக்க வழி இருந்தது. எரிகிற விளக்குக்குப் புகார் கொடுக்க வழி இல்லை. இந்த விவரம் தெரியாமல்தான் கந்தவேல் ஒரு திங்கட்கிழமை, தான் துணி வெட்டுகிற பனியன் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வெளுத்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனார்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதாம் வருஷம், சித்திரை மாதம். அதற்கு முந்தின தை மாதத்தில் பஞ்சாயத்து மூன்று மெர்க்குரி விளக்குகள் வாங்கியிருந்தது. ஒன்று தலைவர் பொங்கியண்ணன் நடத்திய வேறொரு பனியன் கம்பெனி வாசலில் நின்றது. இன்னொன்று அவருடைய வீட்டு வாசலில் நின்றது. மூன்றாவதை என்ன செய்வது என்று யாருக்கும் தோன்றவில்லை. தலைவருக்கு மூன்றாவதாக ஒரு வாசல் இல்லை. ஆபீஸ் வராந்தாவில் ஒரு மாதம் கிடந்த பிறகு, அதை நெசவாளர் வீதி முனையில், கந்தவேல் வீட்டுக்கு நேர் வடக்கே நட்டார்கள். அன்றைக்கு வீதியே குதூகலப்பட்டது. கந்தவேலும்தான். விளக்கடியில் உட்கார்ந்து பெண்கள் அரிசியில் கல் பொறுக்கினார்கள். வானம் காணாமல் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. அதில் அவர்களுக்கு அன்றாடம் ஒரு வேலையும் இல்லை அல்லவா.

கந்தவேலுக்கு வேலை வந்தது. அவர் மகள் அமராவதிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை காங்கேயத்தில் ரைஸ் மில் ஃபிட்டர். நல்ல பையன். அவனுடைய அம்மா சுப்பாத்தாளும் நல்ல மாதிரிதான். வரதட்சிணை, சீர் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"ஊர்ல அல்லாரும் பகல்ல பந்தலுக்கு வெளிய கூட்டிட்டுப் போயி, அந்தா பாரு அருந்ததிங்கறாங்க. பொண்ணும் தெரியுதுங்குது. சூரியன் சுடற நேரத்துல என்னத்தைங்க தெரியும்? எங்க ஊட்ல அந்த வழக்கமில்லீங்க. முகூர்த்தம் காலையில இருக்கட்டும். பொளுது எறங்கி வெள்ளி மொளைச்ச பொறவு, பொண்ணு பொறந்த ஊட்டு வாசல்ல நின்னு நெசமாப் பார்க்கோணும். பார்த்துட்டுத்தான் வண்டி ஏறோணும். நான் கண்ணாலமாகி வந்தப்ப மளை மூட்டம். மூணு நாள் எங்கப்பன் ஊட்லயே இருந்து பார்த்துட்டுத்தான் வந்தனுங்க."

கல்யாணத்தில் ஊரே சொல்லும் பொய்யை ஒரு குடும்பம் சொல்ல மறுக்கிறது என்பது கந்தவேலுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வீட்டுக்கு வந்து வாசலில் நின்று வடக்கே பார்த்தார். மெர்க்குரி விளக்கு தெரிந்தது. சப்தரிஷிகள் ஏழு பேரில் இரண்டு பேர் மங்கலாக நின்றார்கள். வசிஷ்டரை ஒட்டி நிற்கிற அந்தச் சின்ன அருந்ததி இருக்கிற சுவடே இல்லை.

அவர் பயந்ததற்கு வேறு காரணமும் உண்டு. அமராவதி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். துணியை வெளிச்சத்தில் பிடித்து, ஊசி முனையளவு ஓட்டையைக்கூடக் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் பெண் பார்க்க வந்தவர்கள், 'செக்கிங் வேலை செய்யற புள்ளைகளுக்குக் கண்ணு சீக்கிரம் போயிருமாமே' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பேச்சு வீதியெல்லாம் சுற்றியது. பிறகு ஒரு வரனும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது சம்பந்திக்கு முன்னால் அவள் 'தெரியலை' என்று சொன்னால் விளக்கின் மேல் யார் பழி போடப்போகிறார்கள்? அவள் கண் மேல்தான் போடுவார்கள்.

பஞ்சாயத்து கிளார்க் பழனிமுத்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "வெளக்கு எரியுதுங்களா?"

"எரியுதுங்க."

"நல்லா எரியுதுங்களா?"

"ரொம்ப நல்லா எரியுதுங்க. அதான் கஷ்டம். கல்யாணத்தன்னைக்கு பொளுதோட ஒரு மணி நேரம் அணைச்சாப் போதுங்க."

"நல்லா எரியற வெளக்கை அணைக்கறதுக்கு எனக்கு அதிகாரமில்லீங்க. இப்படிச் செய்யுங்க. ஒரு கல்லை எடுத்து எறிஞ்சுருங்க. அப்பறம் எரியலைன்னு எழுதிக் குடுங்க. ஆறு மாசத்துக்கு இருட்டுக்கு நான் பொறுப்பு."

அந்த ஆபீசில் அன்று பேசப்பட்ட ஒரே உருப்படியான யோசனை அதுதான். கந்தவேல் நியாயமான மனிதர் என்பதால் அதை ஏற்கவில்லை. அவரை எக்ஸிக்யூட்டிவ் ஆபீசர் ஞானசம்பந்தத்திடம் அனுப்பினார்கள். அவர் கேட்டுவிட்டு, 'இது கொள்கை முடிவு' என்று சொல்லித் தலைவரிடம் கூட்டிப்போனார்.

தலைவர் பொங்கியண்ணன் கந்தவேலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அவருக்கும் வானத்தால் ஒரு மனக்குறை இருந்தது.

"உக்காருங்க கந்தவேலு. பங்குனியில விடியக்காலம் வால் நட்சத்திரம் வந்துதுங்களே. காங்கேயத்துக்காரன் பார்த்தான். வீரபாண்டிக்காரன் பார்த்தான். நம்மூர்ல ஒருத்தன் பார்க்கலை. நானும் தேடினேன். என்ற ஊட்டு வாசல்ல நின்னா என்ற வெளக்குதான் தெரியுது. பெரிய ஆபீசருக மீட்டிங்ல, உங்கூர்ல எப்படீங்க தெரிஞ்சுதுன்னு கேட்டுட்டாங்க. ரொம்ப நல்லாத் தெரிஞ்சுதுங்கன்னு சொன்னேன். என்ன நெறம்னு கேட்டாங்க. பச்சைன்னுட்டேன். அல்லாரும் சிரிச்சாங்க. எதுக்குச் சிரிச்சாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலீங்க."

"எனக்கு ஒரு மணி நேரம் அணைச்சாப் போதுங்க" என்றார் கந்தவேல்.

"ஒரு மணி நேரமா? இது உங்க ஒருத்தரு ஊட்டு விசயமில்லீங்க. வெளிச்சத்துல நம்ம பஞ்சாயத்து முன்னுக்கு வந்துட்டுது. இனி இருட்டுலயும் முன்னுக்கு வரோணும்."

மறு வாரமே 'இருள் பராமரிப்பு உபகமிட்டி' அமைக்கப்பட்டது. விளக்குக் காண்ட்ராக்டரான தலைவரின் மச்சான் அதற்குத் தலைமை தாங்கினார். ஊரில் எங்கே இருட்டு இல்லை என்பது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று தீர்மானத்தில் எழுதப்பட்டது.

உபகமிட்டி ஒரு நாள் அந்திசாய ஆய்வுக்குப் புறப்பட்டது. தலைவர் கல் தடுக்கி விழுந்துவிடக்கூடாதே என்று முன்னால் இரண்டு பேர் பெட்ரோமாக்ஸ் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு டார்ச் வைத்திருந்தார்கள். வாய்க்கால் மேடு, சந்தைத் திடல், சுடுகாடு எல்லாம் போய்ப் பார்த்தார்கள். கந்தவேலும் மனுதாரர் என்ற முறையில் கூடவே நடந்தார். சுடுகாட்டில் நின்று ஞானசம்பந்தம் நாலாபக்கமும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நாம் சென்ற இடம் எதிலுமே இருள் திருப்திகரமாக இல்லை" என்றார்.

"வெளக்கைச் செத்த நேரம் அணைச்சுப் பார்த்தா..." என்று இழுத்தார் கந்தவேல்.

"அணைத்துவிட்டால் ஆய்வு செய்வது எப்படி?" என்று கேட்டார் ஞானசம்பந்தம். கேள்வி நியாயமாகத்தான் கந்தவேலுக்குப் பட்டது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டுப் பார்த்தார். அவளுக்கும் அப்படித்தான் பட்டது.

நெசவாளர் வீதி விளக்குக்கு ஒரு தகர மூடி போடுவது என்று முடிவாயிற்று. இது நல்ல யோசனைதான். கந்தவேலுக்கு உயிர் வந்தது. மூடி வந்தபோது அதில், 'தலைவர் உயர்திரு பொங்கியண்ணன் அவர்களின் இருள் பாதுகாப்புத் திட்டம்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. மூடியைக் கம்பத்தில் ஏற்றியதும் எழுத்து நிழலுக்குள் போய்விட்டது. தலைவர் பெயர் இருட்டில் கிடப்பது மரியாதையல்ல என்று அதைப் படிப்பதற்காக இரண்டு டியூப் லைட் மாட்டினார்கள்.

கந்தவேல் மறுபடி வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினார். இந்த முறை தலைவர் எழுந்து வந்து தோளில் கை போட்டார். "கவலைப்படாதீங்க. வைகாசியில உங்க புள்ள கண்ணாலத்தன்னைக்கே திறப்பு விழா வெச்சாச்சு. பொண்ணு மாப்பிள்ளைதான் திட்டத்தோட மொதல் பயனாளிங்க. வெளக்கை நானே வந்து என்ற கையால அணைக்கிறேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாசலில் சொந்தக்கார ஒறம்பரை நாலு பேர் போதும், சத்தமில்லாமல் அணைத்துவிட்டுப் போய்விடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். தலைவரின் கை தோளில் இருக்கும்போது அதெல்லாம் வாயில் வருவதில்லை. "ரொம்ப சந்தோசமுங்க" என்றார் கந்தவேல். உண்மையாகவே கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. தன் மகள் கல்யாணத்துக்குத் தலைவர் வருகிறார் என்று கம்பெனியில் நாலு பேரிடம் சொல்லவும் சொன்னார்.

முகூர்த்தம் காலையில் முருகன் கோவிலில் நல்லபடியாக முடிந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு நெசவாளர் வீதிக்கு ஒரு லாரி வந்தது. அதிலிருந்து மூங்கில், வளைவு, சீரியல் பல்பு, டியூப் லைட், ஒலிபெருக்கி எல்லாம் இறங்கின. வீதி முழுவதும் பச்சையும் சிவப்புமாகப் பல்புத் தோரணம் கட்டினார்கள். மேடைக்குப் பின்னால், சரியாக வடக்கே, ஏழு பெரிய பல்புகளால் சப்தரிஷி மண்டலம் செய்து நிறுத்தினார்கள். அருந்ததிக்கென்று தனியாக மஞ்சள் பல்பு வைத்து, அது விட்டுவிட்டு எரிகிற மாதிரி ஏற்பாடு செய்திருந்தார்கள். திருப்பூரிலிருந்து வந்த போட்டோக்காரர், முகம் தெளிவாக விழவேண்டும் என்று இரண்டு ஃபோகஸ் லைட்டையும் சேர்த்து வைத்தார்.

சுப்பாத்தாள் இதையெல்லாம் பார்த்தபடி நின்றார். "ஏனுங்க சம்பந்தி, இங்கதான் பார்க்கோணுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"தலைவரு அணைச்சுருவாருங்க" என்றார் கந்தவேல்.

பொழுது இறங்கியது. தலைவர் பேச எழுந்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே. வெளிச்சம் குடுக்கறது பெரிய காரியமில்லீங்க. கரண்ட் இருந்தா ஆரு வேணாலும் குடுக்கலாம். இருட்டு குடுக்கறதுக்குத்தான் மனசு வேணும். முன்னாலயும் இந்த ஊர்ல இருட்டு இருந்துது. இல்லைன்னு சொல்லலை. ஆனா அது தானா வந்த இருட்டு. அதுக்கு ஒரு தீர்மானம் உண்டா? ஒரு திட்டம் உண்டா? ஆரு குடுத்ததுன்னு கேட்டா ஒரு பேரு சொல்ல முடியுமா? இன்னைக்கு நான் குடுக்கறது திட்டம் போட்டுக் குடுக்கற இருட்டுங்க."

கைதட்டினார்கள்.

"காண்ட்ராக்ட்டை என்ற மச்சான் எடுத்திருக்கறதா சில பேரு பேசறாங்க. ஆமாங்க. இருட்டுல செய்யற வேலைய நம்பிக் குடுக்கறதுன்னா சொந்தக்காரனுக்குத்தானுங்க குடுக்க முடியும்? வேற ஆருகிட்டயாவது குடுத்து, அவன் என்ன செஞ்சான்னு எனக்குத் தெரியாமப் போயிருந்தா? நம்ம பஞ்சாயத்து எல்லைக்கு நேர் மேல இருக்கற நட்சத்திரமெல்லாம் நம்ம பஞ்சாயத்துக்குத்தான் சொந்தம். அதுல ஒண்ணு கொறைஞ்சாலும் நான் பொறுப்பு."

பிறகு பட்டு நூல் கட்டிய சுவிட்சைப் பிடித்து இழுத்தார். மெர்க்குரி விளக்கு அணைந்தது. ஒரு மாறுதலும் தெரியவில்லை. அணைந்துவிட்டது என்று ஞானசம்பந்தம் ஒலிபெருக்கியில் அறிவித்த பிறகுதான் கூட்டம் கைதட்டியது.

அமராவதியையும் மாப்பிள்ளையையும் மேடையின் முன்னால் நிறுத்தினார்கள். தலைவர் வானத்தை நோக்கி விரலை நீட்டினார். அந்த விரல் மேற்கே காட்டியது. போட்டோக்காரருக்கு அந்தக் கோணம்தான் வசதியாக இருந்தது.

"அருந்ததி தெரியுதா அம்மிணி?" என்று மைக்கில் கேட்டார்.

அமராவதி மேற்கே பார்த்தாள். பிறகு தானாகவே வடக்கே திரும்பிப் பார்த்தாள். கையைப் புருவத்துக்கு மேல் வைத்து ஃபோகஸ் லைட்டை மறைத்துக்கொண்டு, துணியில் ஓட்டை தேடுகிறவளைப் போல நிதானமாகத் தேடினாள். கூட்டம் அவளுக்காகக் காத்திருந்தது.

"தெரியலீங்க" என்றாள்.

ஒலிபெருக்கி அதை வீதி முழுக்கச் சொன்னது. தலைவர் விரலைக் கீழே இறக்கவில்லை. "நல்லாப் பாருங்க அம்மிணி. எனக்குத் தெரியுதே" என்றார். உபகமிட்டி உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் தலையை நிமிர்த்தித் தங்களுக்கும் தெரிகிறது என்றார்கள். ஒருவர் நன்றாகத் தெரிகிறது என்றார். மச்சான் இரண்டு தெரிகிறது என்றார்.

ஞானசம்பந்தம் கந்தவேல் பக்கம் குனிந்து, மெதுவாகத்தான், ஆனால் மைக்குக்குப் பக்கத்தில் கேட்டார். "பெண்ணுக்குக் கண் பார்வையில் ஏதாவது குறை உண்டா?"

வீதியில் இருந்த ஒவ்வொரு தலையும் கந்தவேல் பக்கம் திரும்பியது. இரண்டு வருஷத்துக்கு முந்தின பேச்சு திரும்பி வந்து அவர் முன்னால் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கந்தவேல் மகளிடம் போனார். அவள் காதில் சொன்னார்.

"தெரியுதுன்னு சொல்லிரு கண்ணு."

"தெரியலீங்கப்பா."

"தெரியலைன்னு எனக்கும் தெரியும் சாமி. நீ சொல்லிரு."

அவள் அப்பாவை ஒரு தரம் பார்த்தாள். சின்ன வயதில் பக்கத்து வீட்டு மரத்துக் கொய்யாவைப் பறித்து வந்து, தான் பறிக்கவில்லை என்று சொன்னதற்காக அவளை வெயிலில் நிற்க வைத்தவர் அந்த அப்பா. அவள் மைக்கின் பக்கம் திரும்பினாள்.

"தெரியுதுங்க" என்றாள்.

பிளாஷ் அடித்தது. அடுத்து மைக்கைச் சுப்பாத்தாளிடம் நீட்டினார்கள். அவர் வானத்தைப் பார்க்கவில்லை. கந்தவேலைப் பார்த்தார். பிறகு, "தெரியுதுங்க" என்றார். கந்தவேலுக்கு ரோஜா மாலை போட்டார்கள். மாலை போட்டதும் நன்றி சொல்ல வேண்டுமாமே. சொன்னார். என்ன சொன்னோம் என்று அவருக்கு நினைவில்லை. ஆனால் நீளமாகச் சொன்னார் என்று பிற்பாடு எல்லோரும் பாராட்டினார்கள்.

வண்டி புறப்படும்போது அமராவதி அழவில்லை. அது அவரை இன்னும் உறுத்தியது.

ஆனி மாதம் பழனிமுத்து கந்தவேலைக் கூப்பிட்டு அனுப்பித் தீர்மானத்தைப் படித்துக் காட்டினார். திட்டத்தின் முதல் பயனாளி, சீரியல் விளக்கும் டியூப் விளக்கும் முழுவதும் எரியும்போதே அருந்ததியைத் தெளிவாகக் கண்டதாகப் பொதுமேடையில் உறுதி சொல்லியிருக்கிறார். சம்பந்தி அம்மாளும் அதையே சொல்லியிருக்கிறார். ஆகவே விளக்குகளால் வானத்துக்கு யாதொரு இடைஞ்சலும் இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது. மெர்க்குரி விளக்கை மூடி இல்லாமல் மறுபடி ஏற்றுவதென்றும், அந்த வீதிக்குக் கூடுதலாக மூன்று விளக்குகள் வழங்குவதென்றும், ஒத்துழைத்த கந்தவேலுக்கு நன்றி தெரிவிப்பதென்றும் ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது.

"அன்னைக்கே கல்லை எறிஞ்சிருக்கலாமுங்க" என்றார் பழனிமுத்து. அவர் கிண்டலாகச் சொல்லவில்லை.

ஆடிக்கு மகளையும் மாப்பிள்ளையையும் அழைத்து வந்தார்கள். மாப்பிள்ளை கடைவீதிக்குப் போயிருந்தான். அமராவதி வாசலில் உட்கார்ந்து அப்பாவுடன் காற்று வாங்கிக்கொண்டிருந்தாள். வீதியில் நான்கு விளக்குகள் எரிந்தன. பொழுது இறங்கியதா இல்லையா என்பதே தெரியவில்லை.

"உங்க மாமியா ஏதாச்சும் கேட்டாங்களா கண்ணு?" என்றார் கந்தவேல். இரண்டு மாதமாக அவர் நெஞ்சில் இருந்த கேள்வி அது.

"அன்னைக்குப் போயி வண்டிய உட்டு எறங்குனதுமே என்னைய ரைஸ் மில்லுக்குப் பின்னால கூட்டிட்டுப் போனாங்கப்பா. அங்க நல்ல இருட்டுங்க. நெல்லு காய வெக்கற களம். பெரிய நட்சத்திரமும் பக்கத்துல சின்னதும் தனித்தனியாத் தெரிஞ்சுதுங்க. நானே கையக் காட்டிச் சொன்னேன். உன்ற கண்ணு நல்ல கண்ணு அம்மிணின்னாங்க."

"அப்பறம்?"

"உங்க ஊர் மேடையில நானும் பொய்தான் சொன்னேன்னாங்க. உங்கப்பன் மொகத்தைப் பார்த்தேன், சொல்லிட்டேன்னாங்க. எங்க ஊட்டு வழக்கம் என்னோட போச்சுன்னாங்க. அதுக்கப்பறம் அதைப் பத்திப் பேசலீங்க."

சம்பந்தி திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று கந்தவேலுக்குத் தோன்றியது.

அந்த நேரம் பார்த்து ஞானசம்பந்தம் அந்த வழியாக வந்தார். புது விளக்குகளைச் சரிபார்க்க வந்தவர். அமராவதியை அடையாளம் தெரிந்து நின்றார். "அடடே, நம் முதல் பயனாளி. எப்படி அம்மா, இப்போதும் தெரிகிறதா?"

கந்தவேல் எழுந்து நின்றார். இந்தக் கேள்விக்கு அவர் இரண்டு மாதமாகப் பதில் வைத்திருந்தார். கம்பெனியில் துணி வெட்டும்போதெல்லாம் அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வெட்டியிருக்கிறார். தெரியலீங்க. அன்னைக்கும் தெரியலீங்க. நான்தான் புள்ளையப் பொய் சொல்ல வெச்சேன். இவ்வளவுதான். சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் கை முந்திக்கொண்டு வேட்டியின் மடிப்பை இறக்கிவிட்டது.

அமராவதி அவர் முகத்தைப் பார்த்தாள். நான்கு விளக்கு வெளிச்சத்தில் அது நன்றாகவே தெரிந்தது.

"நல்லாத் தெரியுதுங்க சார்" என்றாள். இந்த முறை அவளுக்கு யாரும் காதில் சொல்லவில்லை. அவள் வானத்தை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

ஞானசம்பந்தம் திருப்தியோடு தலையாட்டிவிட்டு அடுத்த கம்பத்துக்குப் போனார்.

"நான் சொல்லலாம்னுதான் கண்ணு..." என்றார் கந்தவேல்.

"உடுங்கப்பா. உள்ள வாங்க, சோறு ஆறுது" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள். அவள் குரலில் கோபம் துளியும் இல்லை.

கந்தவேல் உள்ளே போகவில்லை. மகள் முகத்தில் விழிக்க முடியாமல், ஐந்து நிமிஷம் நிற்பதற்கு ஒரு இருட்டு மூலை தேடினார். வீட்டு ஓரம் பார்த்தார். கிணற்றடி பார்த்தார். வேப்ப மரத்துக்குப் பின்னால் போய் நின்று பார்த்தார். நெசவாளர் வீதியில் அப்படி ஒரு இடம் இல்லை.